தினமும் மாப் போடும் வீட்டுக்கு எது சரி, பூனையா நாயா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். பெரம்பூரில் இரண்டாம் மாடியில் இரண்டு படுக்கையறை பிளாட், லிஃப்ட் கிடையாது. நீங்களும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்பி வர ஏழு மணி. மாமியார் வீட்டில் இருக்கிறார், முட்டிவலி, படி இறங்க முடியாது. ஒன்பது வயது மகள் ஒரு வருடமாக நாய்க்குட்டி கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீங்கள் தினமும் வீடு துடைக்கிறவர், தரையில் ஒரு முடி கிடந்தாலும் கண்ணில் படும். பூனையா நாயா, எது வந்தால் வீடு வீடாக இருக்கும் என்பது கேள்வி.

என் பதில்: உங்கள் வீட்டுக்குப் பூனை. அதிலும் கருத்தடை ஆபரேஷன் முடிந்த, ஒன்றரை இரண்டு வயதுக்கு மேற்பட்ட நாட்டுப் பூனை. குட்டி வேண்டாம், நீள முடி பெர்ஷியன் பூனை வேண்டவே வேண்டாம். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகாமல் விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பூனை என்றால் தானே சுத்தமாக இருந்துகொள்ளும் என்று நம்பி வாங்கி, ஆறு மாதம் கழித்து மூத்திர நாற்றம் தாங்கவில்லை என்று மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவந்த இரண்டு குடும்பங்களை எனக்கு நேரடியாகத் தெரியும். வீட்டில் வளர்ந்த பூனை தெருவில் பிழைப்பது கஷ்டம். அந்த நிலைமை உங்கள் வீட்டுக்கு வரும் எதற்கும் வரக்கூடாது.

நான் மதுரைப் பக்கம் கொல்லையில் நாட்டு நாய்களோடு வளர்ந்தவள். சென்னைக்கு வந்த பிறகு பதினோரு வருடம் ஒரு லாப்ரடார் இருந்தான், மணி என்று பெயர். அவனுடைய கடைசி இரண்டு வருடத்தில் மிளகு, சுக்கு என்று இரண்டு பூனைகளும் சேர்ந்துகொண்டன. இப்போது பூனைகள் மட்டும். அதனால் ஒரே தரையில் இரண்டு விதமான அழுக்கையும் துடைத்திருக்கிறேன்.

இரண்டு விதம் என்று சொன்னேன் இல்லையா, அதுதான் முக்கியம். நாயின் அழுக்கு பெரியது, கண்ணுக்குத் தெரிவது, வீடு முழுக்கப் பரவுவது. மழையில் வெளியே போய் வந்தால் நான்கு கால் சேறு, தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தால் கிண்ணத்திலிருந்து ஹால் வரை சொட்டு, சோபா ஓரத்தில் அது சாய்ந்து உட்காரும் இடத்தில் கறுப்பாக ஒரு எண்ணெய்ப் படிவு. ஆனால் இதெல்லாம் துடைத்தால் போய்விடும். பூனையின் அழுக்கு சின்னது, ஒரு மூலையில் அடங்கியிருப்பது, ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் வீட்டுக்குள் வருகிறவர்களுக்கு வாசலிலேயே தெரிந்துவிடுவது. அதனால் எது சுத்தம் என்று கேட்பதைவிட, எந்த வேலையைத் தினமும் முகம் சுளிக்காமல் செய்வீர்கள், எந்த நேரத்தில் செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். துடைக்கிறவருக்கு எரிச்சல் வந்தால் அது கடைசியில் அந்த வாயில்லாப் பிராணியின் மேல்தான் விழும், நான் கவலைப்படுவது அதற்காகத்தான்.

முடியிலிருந்து ஆரம்பிக்கிறேன், உங்கள் கேள்வியிலேயே முடிதான் நான்கு தடவை வருகிறது.

இரண்டுமே கொட்டும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி நாய்களுக்கு இரண்டு அடுக்கு ரோமம், மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி மெல்லிய முடி. குளிர் நாடுகளில் வருடத்தில் இரண்டு பருவம் மொத்தமாகக் கொட்டும். நம் ஊரில் பருவம் என்று பெரிதாக எதுவும் இல்லாததால் வருடம் முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் பாவம் என்று நினைத்து மொட்டையடிக்கிறார்கள், அது தப்பு. அந்த ரோமம்தான் அவற்றின் தோலை வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது, திரும்ப முளைக்கும்போது ஒழுங்காக முளைக்காமலும் போகலாம். பக், பீகிள் இரண்டும் சின்ன முடிதானே என்று வாங்குவார்கள், ஆனால் அந்தக் குட்டை முடி ஊசி மாதிரி துணிக்குள் குத்திக்கொண்டு நிற்கும், எடுப்பது பெரும்பாடு. ஷிட்ஸு, பூடில் வகைகள் குறைவாகக் கொட்டும் என்பது உண்மை, அதற்குப் பதில் அவற்றின் முடி வளர்ந்துகொண்டே போகும், தினமும் சீவி மாதாமாதம் வெட்டிவிட வேண்டும், விட்டால் சிக்குப் பிடித்துத் தோல் புண்ணாகும். தரையில் மிச்சம் பிடித்த நேரம் சீப்பில் போய்விடும்.

நம் ஊர் நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நான்குமே தமிழ்நாட்டு இனங்கள், ராஜபாளையத்துக்கு 2005இல் தபால் தலையே வந்தது. குட்டையான ஒற்றை ரோமம், ஒப்பிட்டால் முடி குறைவு, எச்சில் ஒழுகாது, நாற்றமும் குறைவு. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்த வளர்த்த வேட்டை நாய்கள், கரிசல் காட்டில் ஓடுகிற கால்கள். அதை இரண்டாம் மாடி பிளாட்டில் காலை எட்டரையிலிருந்து இரவு ஏழு வரை பூட்டிவைத்தால், முடி கொட்டாத குறைக்குச் சோபாவைக் கிழித்துப் போடும். அதன் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. தோட்டம் உள்ளவர்கள், விடியற்காலையில் ஓடப் போகிறவர்கள் வளர்க்கட்டும், அவர்களுக்கு அதைவிட நல்ல நாய் கிடையாது.

நாட்டுப் பூனை குட்டை முடிதான், அளவும் சின்னது, அதனால் மொத்த முடியும் குறைவு. விழித்திருக்கும் நேரத்தில் நல்ல பங்கை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிப்பதால் கொட்டும் முடியில் கொஞ்சம் அதன் வயிற்றுக்குள்ளேயே போய்விடுகிறது, அப்புறம் எப்போதாவது ஒரு நாள் முடியுருண்டையாக வாந்தி எடுக்கும், அதுவும் நீங்கள் துடைத்து முடித்த தரையில். மாதத்துக்கு ஒன்றிரண்டு என்றால் கவலை இல்லை, அடிக்கடி என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பூனை முடியின் தொல்லை அதன் மென்மையில் இருக்கிறது. ஃபேன் காற்றில் பறக்கும், பீரோவுக்கு அடியிலும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலும் போய்ச் சேரும், கறுப்புப் புடவையில் ஒட்டும்.

ஒரு விஷயத்தில் நம் வீடுகள் கொடுத்துவைத்தவை. கார்ப்பெட் கிடையாது, மொசைக் அல்லது டைல்ஸ் தரை, முடி எங்கே ஒட்டிக்கொள்ளப் போகிறது? ஆனால் பூந்துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பாதி முடி எழும்பிப் பறந்து ஃபேன் நின்றதும் திரும்ப இறங்கும். ஃபேனை நிறுத்திவிட்டு லேசாக ஈரமான மாப்பை ஒரு இழுப்பு இழுத்து முடியை ஒரு மூலைக்குக் கொண்டுவந்து அள்ளிவிட்டு, அப்புறம் ஒழுங்காகத் துடையுங்கள். சோபாவுக்குப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை நனைத்து ஒரே பக்கமாகத் தடவினால் முடி சுருண்டு வந்துவிடும். இதையெல்லாம்விடப் பெரியது சீவிவிடுவது. மணியை மொட்டை மாடியில் தினமும் பத்து நிமிடம் சீவ ஆரம்பித்த பிறகு வீட்டுக்குள் முடி கண்கூடாகக் குறைந்தது, பூனைகளுக்கு வாரம் இரண்டு முறை போதும்.

அடுத்து மலமூத்திரம். இங்கேதான் உங்கள் வீட்டுக்கு விடை முடிவாகிறது.

இரண்டு மாத நாய்க்குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் போகும். வெளியே கூட்டிப்போய்ப் பழக்கலாம் என்றால், தடுப்பூசிகள் முடியும் வரை, ஏறக்குறைய நான்கு மாத வயது வரை, தெருவில் விடக்கூடாது, பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், குட்டியைக் கொன்றுவிடும். அதனால் முதல் இரண்டு மாதம் எப்படியும் வீட்டுக்குள்தான், பேப்பரிலோ பால்கனியிலோ. அப்புறம் முழுசாக நம்பும் அளவுக்குப் பழக ஆறு மாதம், சிலதுக்கு ஒரு வருடம். இந்தக் காலம் முழுக்கப் பகலில் அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் பகலில் இருப்பவர் மாமியார் மட்டும், அவரால் படி இறங்க முடியாது, ஈரத் தரையில் கால் வைத்தால் வழுக்கிவிடும். எனக்கு முடியைவிட அதுதான் பயமாக இருக்கிறது. வளர்ந்த நாயாகவே எடுத்தாலும் ஒரு நாளைக்கு மூன்று முறை இறக்கி ஏற்ற வேண்டும், பத்து மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொண்டு இருக்கச் சொல்வது கொடுமை. தனியாக அவ்வளவு நேரம் இருந்தால் குரைக்கும், கதவைப் பிறாண்டும், செருப்பைக் கடிக்கும்.

பழகிய நாய் எவ்வளவு உண்மையாக இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மணிக்கு வெளியே போய்த்தான் பழக்கம். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனோம், மூலையில் மண் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் காட்டினோம், போகவே மாட்டேன் என்று ஒன்றரை நாள் அடக்கிக்கொண்டு நடுங்கினான். கடைசியில் தாங்க முடியாமல் மாடிப்படியில் விட்டுவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் காலடியில் வந்து படுத்தான். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒவ்வொரு வருடமும் நாய் வைத்திருப்பவர்கள் குடையோடு அலைவதைப் பார்க்கலாம்.

பூனைக்கு மழையும் இல்லை, படியும் இல்லை. மண்ணைத் தோண்டிப் போய்விட்டு மூடுவது அதன் பிறவிக் குணம், சொல்லித்தர வேண்டியதில்லை, லிட்டர் டப்பாவை, அதாவது பூனை மலமூத்திரம் போக மண் போட்டு வைக்கும் டப்பாவை, காட்டினால் பெரும்பாலும் முதல் நாளே புரிந்துகொள்ளும். ஆனால் அந்த டப்பாவை நீங்கள் எப்படி வைக்கிறீர்கள் என்பதில் எல்லாமே இருக்கிறது.

டப்பா பெரியதாக இருக்கட்டும், பூனையின் மூக்கிலிருந்து வால் ஆரம்பிக்கும் இடம் வரை உள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு. கடையில் கிடைக்கும் பாதி டப்பாக்கள் சின்னவை. நான் உயரமான பிளாஸ்டிக் சாமான் பெட்டி வாங்கி முன்பக்கம் மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன், மண் வெளியே சிதறாது. ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்று வைக்கச் சொல்வார்கள். உங்கள் பிளாட்டில் ஒன்று பொதுக் குளியலறையிலும் இன்னொன்று மூடிய பால்கனியிலும் வைக்கலாம். சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், பூனைக்கே பிடிக்காது.

மண்ணில் பல வகை. அதிகம் கிடைப்பது பென்டோனைட் களிமண், நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பக்கம் தோண்டுவது. மூத்திரம் பட்டதும் கட்டியாகிவிடும், அந்தக் கட்டியை மட்டும் சல்லடைக் கரண்டியால் எடுத்தால் மீதி மண் சுத்தமாக இருக்கும். குறை என்ன என்றால் தூசி, அப்புறம் பாதத்தில் ஒட்டிக்கொண்டு ஹால் வரை வருவது. வீடு துடைக்கிறவருக்கு இது எரிச்சல் தரும், டப்பாவுக்கு வெளியே இரண்டடிக்கு ஒரு முரட்டு மிதியடி போட்டால் பெரும்பகுதி அதிலேயே உதிர்ந்துவிடும். மரத்தூள் உருளைகளில் பாதத்தில் ஒட்டுவது குறைவு. சோயாவில் செய்த டோஃபு வகை தூசி இல்லாதது, விலை அதிகம். எங்கள் வீட்டில் இரண்டு பூனைக்குக் களிமண் வகை மாதம் ஏறக்குறைய 15 கிலோ ஆகிறது, அதை மாடிக்குத் தூக்குவதையும் கணக்கில் வையுங்கள். எக்காரணம் கொண்டும் களிமண்ணை டாய்லெட்டில் கொட்டாதீர்கள், குழாய்க்குள் உப்பிக் கல்லாகிவிடும், பிறகு பிளம்பர் வந்து உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை அள்ள வேண்டும். இரண்டு நிமிட வேலை. இதைத் தவறவிட்டால் மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றும், அந்தக் கண்ணெரிச்சல் நாற்றம்தான் "பூனை வீடு" என்று எல்லோரும் சொல்வது. அழுக்கான டப்பாவில் பூனை போகாது, உங்கள் கட்டிலில் போகும். இலவம்பஞ்சு மெத்தையில் பூனை மூத்திரம் போனால் அந்த மெத்தையைக் காப்பாற்ற முடியாது என்பதை இரண்டு மெத்தை தூக்கிப் போட்டவளாகச் சொல்கிறேன். தண்ணீர் விட்டுக் கழுவினாலும் யூரிக் அமிலப் படிவுகள் தங்கிவிடும், அடுத்த மழைக்காலத்தில் காற்று ஈரமானதும் திரும்ப நாறும். என்சைம் கலந்த கிளீனர் ஊற்றி ஊறவிட்டால்தான் போகும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் நேரடியாகப் போடாதீர்கள், அம்மோனியாவோடு சேர்ந்து வரும் புகை நுரையீரலைத் தாக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஒழுங்காக டப்பாவில் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று வெளியே போக ஆரம்பித்தால் அதைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அது உடம்பு சரியில்லை என்று சொல்லும் ஒரே வழி. குறிப்பாக ஆண் பூனை டப்பாவில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்து ஒரு சொட்டும் வரவில்லை என்றால் மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம், அன்றே டாக்டரிடம் போக வேண்டும், ஒன்றிரண்டு நாள் தள்ளினால் உயிர் போய்விடும். சுக்குவை அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தூக்கிக்கொண்டு ஓடினோம். அவன் குளியலறை மிதியடியில் போனதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டு நான் தூங்கியிருந்தால் இன்று அவன் இல்லை.

கருத்தடை பற்றி ஏன் முதலிலேயே சொன்னேன் என்றால், ஆபரேஷன் செய்யாத ஆண் பூனை சுவரிலும் திரையிலும் நின்றபடி பீய்ச்சி அடிக்கும். அந்த மூத்திரத்தில் ஃபெலினின் என்ற ஒரு பொருள் அதிகம், அது சிதையும்போது கந்தக நாற்றம் வரும், எந்த மாப்பாலும் போகாது. ஐந்தாறு மாத வயதில் ஆபரேஷன் செய்துவிட்டால் பெரும்பாலான பூனைகளுக்கு இந்தப் பழக்கமே வராது. பெண் பூனைக்கும் செய்ய வேண்டும், இல்லையென்றால் பருவத்தில் இரவெல்லாம் கத்தும், உங்களுக்கும் தூக்கம் போகும், பக்கத்து வீட்டுக்கும் போகும்.

சரி, பூனையின் பக்கம் இருக்கும் மோசமான விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாய் தரையோடு நிற்கும், பூனை ஏறும். அடுப்பு மேடை, சாப்பாட்டு மேசை, ஃப்ரிட்ஜின் தலை, பூஜை அலமாரி, எதுவும் அதற்கு உயரமில்லை. டப்பாவில் மண்ணைத் தோண்டிய அதே பாதம்தான் நீங்கள் சப்பாத்தி உருட்டும் மேடையில் ஏறுகிறது. இது தாங்காது என்றால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சமையலறைக்கு வலைக்கதவு போட்டோம், அதுதான் நிஜமான தீர்வு. அது முடியாதவர்கள் மேடையில் சாப்பாட்டு வாசனை எதுவும் விடாமல், முக்கியமாக மீன் கழுவிய தொட்டியை உடனே தேய்த்துவிட்டு, வேறு ஒரு இடத்தில் ஜன்னலோரமாக அதற்கென்று உயரமான பலகை அடித்துக் கொடுத்தால் பாதிப் பூனைகள் அங்கே போய்விடும். மீதிப் பாதிக்குச் சமைக்கும் முன் மேடையைத் துடைக்கும் பழக்கம்தான் மருந்து. பூஜை அறைக் கதவைச் சாத்தி வையுங்கள், செம்புத் தண்ணீரில் வாய் வைக்காத பூனையை நான் பார்த்ததில்லை.

பிறாண்டுவதும் உண்டு. நகத்தின் மேல் உறையைக் கழற்ற, முதுகை நீட்டி நிமிர்க்க, தன் வாசனையைப் பதிக்க என்று பூனைக்கு அது கட்டாயத் தேவை, தடுக்க முடியாது, இடம் மாற்றலாம். பூனை நின்று முழுசாக நீட்டும் உயரத்தில், ஆடாத ஒரு கட்டையில் முரட்டுக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அது இப்போது பிறாண்டும் சோபாவின் பக்கத்திலேயே நிறுத்துங்கள். நகத்தை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது நகத்தோடு விரல் நுனி எலும்பையும் வெட்டி எடுப்பது, அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

நாய் பக்கம் இதற்கு ஈடான தொல்லை உண்ணி. முடியாவது கண்ணுக்குத் தெரியும். நம் ஊர் நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே பரம்பரை பரம்பரையாக வாழக்கூடியது, ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் நாயின் மேல் இடாமல் இறங்கிச் சுவரில் ஏறிக் கதவு நிலை இடுக்கில் இடும். ஒரு மழைக்காலம் முடிந்தபோது காலண்டரைக் கழற்றினேன், பின்னால் மிளகு தூவினாற்போல் குஞ்சு உண்ணிகள். ரத்தம் உறிஞ்சும்போது எர்லிக்கியா, பாபீசியா நோய்களைக் கொடுக்கும், ரத்தத் தட்டணுக்கள் இறங்கி நாய் துவண்டுவிடும். இப்போது மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று கொடுக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன, தவறாமல் கொடுத்தால் வீடு தப்பிக்கும். நாய்க்குக் கழுத்தில் ஊற்றும் உண்ணி மருந்தைப் பூனைக்கு மட்டும் போடவே கூடாது, அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இருந்தால் பூனை வலிப்பு வந்து செத்துப்போகும்.

இதைப் படிக்கும்போது உங்கள் மாப் வாளியைப் பற்றிக் கேட்கத் தோன்றுகிறது. என்ன ஊற்றித் துடைக்கிறீர்கள்? பினாயில் என்றால் பூனை வருவதற்கு முன் அதை நிறுத்த வேண்டும். கறுப்புப் பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைகளை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்த பாதத்தை நக்கும், கொஞ்சம் கொஞ்சமாக விஷம் சேரும். பைன் எண்ணெய் கலந்த வெள்ளைப் பினாயிலும் ஆகாது, டெட்டாலும் ஆகாது. சோப்புத் தண்ணீர் போதும், அல்லது வாளிக்கு ஒரு மூடி வினிகர். பீரோவில் அந்துருண்டை போடுவதையும் விடுங்கள். பாரசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும், மாமியார் மருந்து டப்பா மூடியிருக்கட்டும். சுத்தத்தில் அக்கறை உள்ள வீடுகளில்தான் இந்த ஆபத்து அதிகம் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மகளுக்கு மூச்சிரைப்பு ஏதாவது உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. பூனை ஒவ்வாமைக்குக் காரணம் முடி என்று பொதுவாக நினைக்கிறோம், உண்மையில் அதன் எச்சிலிலும் தோல் எண்ணெயிலும் இருக்கும் ஒரு புரதம். அது மிக நுண்ணிய துகளாகக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும், துணியில் ஒட்டும், எவ்வளவு துடைத்தாலும் இருக்கும். பொதுவாக நாயைவிடப் பூனை இதில் மோசம். முழுக்க ஒவ்வாமை இல்லாத இனம் என்று விற்பதை நம்பாதீர்கள். பூனை இருக்கும் வீட்டுக்கு மகளை மூன்று நான்கு தடவை கூட்டிப்போய், ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் பூனையோடு விளையாடவிட்டுப் பாருங்கள். தும்மல், கண் அரிப்பு, இரவில் இருமல் வந்தால் முடிவை மாற்றிவிடலாம். வீட்டில் யாராவது கர்ப்பமானால் டப்பா அள்ளும் வேலையை வேறு ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக் கிருமி இருக்க வாய்ப்புண்டு, அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

மாமியாரிடம் கேட்டீர்களா? பகல் முழுக்க அதனோடு இருக்கப்போவது அவர். பூனை குறுக்கே போனால் சகுனம், அதன் முடி வயிற்றுக்குள் போனால் ஆகாது என்று சொல்லி வளர்ந்த தலைமுறை. அவரைச் சமாளித்துக் கொண்டுவருவதைவிட, எந்த அறைக்குள் வரக்கூடாது, எங்கே சாப்பாடு, யார் அள்ளுவது என்று அவரையும் உட்கார வைத்துப் பேசி முடிவுசெய்யுங்கள். என் அம்மா பூனையைத் தொடவே மாட்டேன் என்றவர். இப்போது மதியத் தூக்கத்துக்கு மிளகு வந்து காலடியில் படுக்காவிட்டால் தேடுகிறார்.

பெர்ஷியன் வேண்டாம் என்றது பற்றி ஒரு வார்த்தை. அழகுதான், ஆனால் நீள முடியில் மலம் ஒட்டும், லிட்டர் மண் ஒட்டும், கண்ணீர் வழிந்து முகம் கறைபடும், தட்டை மூக்கால் சென்னை வெயிலில் மூச்சுக்குத் திணறும். சுத்தமான வீடு வேண்டும் என்பவருக்கு அதைவிடப் பொருந்தாத பூனை இல்லை.

நாட்டுப் பூனை விலைக்கு வாங்க வேண்டியதே இல்லை. கிண்டியில் வேளச்சேரி சாலையில் புளூ கிராஸ் என்ற பிராணிகள் நல அமைப்பு இருக்கிறது, 1959இல் தொடங்கியது, தத்துக் கொடுக்கிறார்கள். உங்கள் பக்கத்திலேயே தெருப் பூனைகளுக்குச் சோறு வைத்து, ஆபரேஷன் செய்து, வீடு தேடிக் கொடுப்பவர்களும் இருப்பார்கள். ஊசிக்கும் மற்ற வைத்தியத்துக்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். வளர்ந்த பூனையாக எடுப்பதில் பெரிய வசதி, அது மடியில் வருமா, டப்பாவில் ஒழுங்காகப் போகிறதா, குழந்தையைக் கண்டால் ஓடுமா என்று எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். குட்டியில் இது எதுவும் தெரியாது. எடுப்பதற்கு முன் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் கம்பி வலை அடித்துவிடுங்கள். புறாவுக்குக் கட்டும் நைலான் வலையைப் பூனை கடித்துக் கிழித்துவிடும், இரண்டாம் மாடியிலிருந்து விழுந்தால் எலும்பு முறியும்.

கொண்டுவந்த முதல் நாள் வீடு முழுக்கத் திறந்துவிடாதீர்கள். ஒரு அறை, அதில் ஒரு டப்பா, தண்ணீர், சாப்பாடு, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி. கட்டிலுக்கு அடியில் போய் இரண்டு நாள் வெளியே வராமல் இருக்கலாம், இழுக்காதீர்கள், மாப்பை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், இரண்டு நாள் அந்த அறைத் தரை அழுக்காகவே இருக்கட்டும். மகளை அந்த அறையில் தரையில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், பூனையைப் பார்க்காமல். பெரும்பாலும் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அதுவே வந்து அவள் புத்தகத்தின் மேல் உட்காரும்.